வடிந்து போக வேண்டிய தண்ணீர்

வீட்டுக்குக் குழாய் போடுகிறவர் தண்ணீர் எப்படி வந்து சேரும் என்று யோசித்தால் போதும். காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே தங்குகிற டிராவல் டிரெய்லருக்குக் குழாய் போடுகிறவர், அந்தத் தண்ணீர் எப்படி முழுக்க வெளியே போகும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வீட்டுக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். சுவருக்குள் வெதுவெதுப்பு இருக்கும், ஒன்றும் ஆகாது. நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிரெய்லரை நவம்பரில் நிறுத்தினால் ஏப்ரல் வரை பனியில்தான் நிற்கும். உள்ளே சூடு கிடையாது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டுப் போகும். குழாயின் ஏதோ ஒரு வளைவில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கியிருந்தாலும் வசந்தத்தில் அது தன் வேலையைக் காட்டிவிடும்.

எங்கள் வண்டி 1973ஆம் வருடத்தது. 23 அடி நீளம், அலுமினிய உடம்பு. பின்கோடியில் குளியலறை, நடுவில் அடுப்படி, முன்னால் சோபா, சோபாவுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. விற்றவர் நேர்மையான மனிதர். பல வருடமாக அதில் தண்ணீரே விட்டதில்லை, குழாய்களின் நிலை தனக்குத் தெரியாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நாங்கள் ஹோஸை மாட்டவில்லை. கம்பிரஸரை மாட்டினோம்.

பழைய வண்டி வாங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். முதல் சோதனை காற்றால்தான் இருக்க வேண்டும். தண்ணீர் விட்டுப் பார்த்தால் கசிகிற இடம் தெரியும். கூடவே அந்த இடத்துக்கு அடியில் இருக்கும் பிளைவுட் தரையும் நனையும். இந்த வண்டிகளுக்குத் தரைதான் உயிர். வெளிச்சுவர், இரும்புச் சட்டம் எல்லாம் அந்தப் பிளைவுட்டின் ஓரத்தில்தான் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைகின்றன. காற்று எதையும் நனைக்காது. 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் ஏற்றிவிட்டு உள்ளே போய் நின்றால் உஸ்ஸென்ற சத்தமே வழிகாட்டும். எங்கள் வண்டியில் அந்தச் சத்தம் பின்னாலிருந்து வந்தது, நடுவிலிருந்து வந்தது, வெந்நீர் ஹீட்டர் பக்கமிருந்தும் வந்தது.

குளியலறை அலமாரியின் அடித்தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். அரை அங்குலச் செம்புக் குழாய் ஓரிடத்தில் லேசாகப் பருத்திருந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். அந்தப் பருமனின் மேல், குழாயின் நீளவாக்கில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளவு. மீன் வாய் திறந்ததுபோல இரண்டு உதடும் வெளிப்பக்கம் மடிந்திருந்தன. உதட்டோரத்தில் செம்பு மெலிந்து கூராகி விரலைக் கீறியது. பக்கத்தில் கைப்பிடி அளவு பிளைவுட் கறுத்து, ஸ்க்ரூ டிரைவர் நுனி வைத்தால் உள்ளே இறங்கியது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆனால் பனிக்கட்டி குழாயை நேரடியாகப் பக்கவாட்டில் தள்ளிப் பிளக்கிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் நடுவில் எங்கோ ஒரு பனி அடைப்பு உருவாகிறது. அந்த அடைப்புக்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவே இன்னும் உறையாத தண்ணீர் கொஞ்சம் மாட்டிக்கொள்கிறது. பனி வளர வளர அந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் சுருங்காது, போக வழியும் இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், இருப்பதில் பலவீனமான இடத்தில் குழாய் வாயைத் திறக்கிறது. அதனால்தான் வெடிப்பு சில சமயம் குளிர் கடுமையான இடத்தில் இல்லாமல் டேப்புக்குப் பக்கத்தில் இருக்கும். குளிர்காலத்தில் எல்லா டேப்பையும் திறந்தே வை என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். வழி இருந்தால் அழுத்தம் ஏறாது.

இந்த வண்டிகளுக்குள் தண்ணீர் வந்த கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டி வாங்கினால் அந்தக் கதையின் ஏதோ ஒரு கட்டம் உங்கள் கைக்கு வரும். வாலி பையம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த கிளிப்பர், தன் தண்ணீரைத் தானே சுமந்து போன வண்டி. அப்புறம் பல காலம் பல வண்டிகளில் சிங்க்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. அடித்தால் தண்ணீர் வரும். அடுத்து, கெட்டியான தொட்டிக்குள் சின்னக் கம்பிரஸரால் காற்றை ஏற்றி, அந்த அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும் முறை வந்தது. பின்னால்தான் டேப்பைத் திறந்தால் தானே ஓடி, மூடினால் தானே நிற்கும் 12 வோல்ட் பம்பு. காற்றழுத்தத் தொட்டி உள்ள வண்டி கிடைத்தால் அதை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வருடம் உள்ளே துருவேறிய தொட்டிக்கு மறுபடி அழுத்தம் ஏற்ற நான் சொல்லமாட்டேன்.

சரி, எங்கள் குழாய்க்கு வருவோம். பிளந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஒரு கப்ளிங் போட்டால் வேலை முடிந்ததாகச் சிலர் சொல்வார்கள். ஒரு வீட்டில் ஒரு குழாய்க்கு அது சரியாக இருக்கலாம். இங்கே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஓரிடத்தில் பிளந்த வரிசையில் மற்ற இடங்களும் அதே அழுத்தத்தைத் தாங்கியிருக்கின்றன. பிளக்காமல் பருத்து நிற்கும் குழாய் அடுத்த குளிருக்குக் காத்திருக்கிறது. வண்டி ஓடும்போது குழாயின் ஒவ்வொரு இணைப்பும் மணிக்கணக்கில் ஆடுகிறது. இதைவிடப் பெரிய காரணம் ஈயம். அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களுக்கு ஈயம் கலந்த பற்றை, அதாவது இணைப்புகளை ஒட்ட உருக்கி ஊற்றும் உலோகத்தை, தடை செய்தது 1986இல் வந்த சட்டத் திருத்தம்தான். அதற்கு முன் பாதி ஈயம், பாதி வெள்ளீயம் கலந்த பற்று சர்வ சாதாரணம். 1973ஆம் வருட வண்டியில் ஒவ்வொரு எல்போவிலும் (வளைவு இணைப்பு) டீயிலும் (மூன்று வழி இணைப்பு) அந்தப் பற்று இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரும் இல்லை. இரவு முழுக்கக் குழாயில் நின்று, காலையில் குழந்தையின் டம்ளரில் விழும் தண்ணீர். எங்களுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

அசல் செம்பை எடுத்துவிட்டால் பழைய வண்டியின் மதிப்பு போய்விடும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரியும்; பழைய கைவினை மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் காட்சிக்கு வைக்கும் வண்டி வேறு, குடும்பத்தோடு போய்த் தங்கும் வண்டி வேறு.

செம்பைக் கழற்றிக்கொண்டே போனபோது நடுவில் ஒரு சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய் வந்தது. முன்பு யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அது பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளிலும் மொபைல் வீடுகளிலும் டிரெய்லர்களிலும் நிறையப் போட்டார்கள். விலை மலிவு, வேலை சுலபம். குடிநீரில் இருக்கும் குளோரின் பட்டுப்பட்டு அந்தக் குழாயும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளும் உள்ளேயிருந்து நொறுங்க ஆரம்பித்தன. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பெரிய கூட்டு வழக்காகி 1995இல் நஷ்ட ஈட்டில் முடிந்தது. 80களின் வண்டி வாங்குகிறவர்கள் அலமாரிக்கு அடியில் சாம்பல் குழாய் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது இன்றைக்குக் கசியாவிட்டாலும் மாற்ற வேண்டிய குழாய்தான்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு, அழுகிய தரைத்துண்டை வெட்டிப் புதுப் பலகை வைத்து, அதன் ஓரங்களுக்கு எப்பாக்ஸி பூசினோம். அதற்கப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை தொடங்கியது. காலியான தரையில் உட்கார்ந்து குழாய் போகும் வழியை யோசிப்பது.

வண்டியின் நடுவில் சக்கரங்களுக்கு மேலே தரை பெட்டிபோல் எழும்பி நிற்கும். முன்னாலிருக்கும் தொட்டியிலிருந்து பின்னாலிருக்கும் குளியலறைக்குப் போகும் குழாய் அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கியாக வேண்டும். பழைய செம்புக் குழாயும் அப்படித்தான் போயிருந்தது. வண்டியின் முன்பக்கத்தில் மட்டும் ஒரு வடிகால் வால்வு இருந்தது. அதைத் திறந்தால் மேட்டுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் வடியும். மேட்டுக்குப் பின்னால் இருப்பது அங்கேயே நிற்கும். பிளவு ஏன் பின்பக்கம் வந்தது என்பதற்கு அந்த மேடே பதில் சொல்லிவிட்டது.

அதனால் புது வரைபடத்தில் மேட்டுக்கு முன்னால் ஒரு தாழ்ந்த புள்ளி, பின்னால் ஒரு தாழ்ந்த புள்ளி. இரண்டு இடத்திலும் சூடான தண்ணீருக்கு ஒரு வால்வு, பச்சைத் தண்ணீருக்கு ஒரு வால்வு. ஆக நான்கு. ஒவ்வொன்றும் தரையைத் துளைத்து வண்டிக்கு அடியில் திறக்கும். ஒவ்வொரு கிளைக் குழாயும் தன் டேப்பிலிருந்து இந்த நான்கில் ஒன்றை நோக்கி இறங்க வேண்டும். நடுவில் எங்கும் தொங்கி வயிறு போடக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் வெந்நீர் பட்டால் தளர்ந்து தொங்கும் என்பதால் நெருக்க நெருக்கமாகக் கிளாம்ப் அடித்தோம். இரண்டாவது விதி: மூடிய சுவருக்குப் பின்னால் ஒரு இணைப்பும் கூடாது. ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை ஒரே துண்டு. இணைப்பு எங்கே வந்தாலும் அலமாரிக் கதவைத் திறந்தாலோ சோபா மெத்தையைத் தூக்கினாலோ கை எட்ட வேண்டும். சீக்கிரமாகவோ பல வருடம் கழித்தோ, கசிந்தால் இணைப்பில்தான் கசியும். அன்றைக்கு அடுப்படியையே கழற்றும்படி ஆகக் கூடாது.

இப்படி நீளமாக, வளைவாகப் போவதற்குத்தான் பெக்ஸ் குழாய். பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கினால் பெக்ஸ். 1960களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் தாமஸ் எங்கெல் இதற்கு வழி கண்டார். அரை அங்குலப் பெக்ஸ் சாதாரணத் தண்ணீரில் 160 பி.எஸ்.ஐ. வரைக்கும், 82 டிகிரி வெந்நீரில் 100 பி.எஸ்.ஐ. வரைக்கும் தாங்கும் என்று குழாயிலேயே அச்சடித்திருப்பார்கள். டிரெய்லர் பம்பு 45 அல்லது 55 பி.எஸ்.ஐ.யில் நின்றுவிடும். ஆக, பலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிவப்பிலும் நீலத்திலும் கிடைப்பது பெரிய சௌகரியம். பின்னால் ஒரு நாள் படுத்துக்கொண்டு டார்ச் அடிக்கும்போது எது வெந்நீர்க் குழாய் என்று தேட வேண்டாம். வெயில் அதற்கு ஆகாது, அதனால் சுருளை முற்றத்தில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். எலியும் கடிக்கும். தரையில் போட்ட ஓட்டைகளைச் சுற்றி இடைவெளி விடாமல் அடைத்துவிட வேண்டும்.

பெக்ஸ் உறைந்தாலும் வெடிக்காது என்று கடைகளில் சொல்வார்கள். குழாய் விரிந்துகொடுத்துப் பழையபடி சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் பித்தளை டீ விரியாது. பம்பின் பிளாஸ்டிக் தலை விரியாது. டாய்லெட் வால்வும் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணமும் விரியாது. பெக்ஸ் போட்டாயிற்று என்று வடிக்காமல் விட்டவர்கள் வசந்தத்தில் மாற்றுவதெல்லாம் இவற்றைத்தான்.

இணைக்கும் முறைகளில் இரண்டு எங்களுக்கு ஒத்துவந்தது. ஒன்று செம்பு வளையத்தைச் சுற்றிலும் நசுக்குவது, இன்னொன்று துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பின் காதை மட்டும் கிள்ளுவது. செம்பு வளையத்துக்கான கருவி நீளக் கைப்பிடிகள் கொண்டது. இரண்டையும் அகலத் திறந்து மூட இடம் வேண்டும். டிரெய்லர் அலமாரிக்குள் அதற்கு இடம் கிடையாது. கிள்ளும் கருவியை ஒரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போகலாம். குறுகிய மூலைகளில் எனக்கு அதுதான் நம்பிக்கை. தள்ளிச் செருகும் இணைப்புகளும் கிடைக்கின்றன, கருவியே வேண்டாம். வழியில் அவசரத்துக்கு ஒன்றிரண்டை வண்டியில் வைத்திருக்கிறோம். ஆடிக்கொண்டே ஓடும் வண்டியில் நிரந்தரமாக அவற்றை வைக்க எனக்கு விருப்பம் இல்லை.

இந்த வேலையின் பெரும்பகுதியை என் மகள்தான் செய்தாள். சிங்க்குக்கு அடியில் அவள் உடம்பு நுழையும், என்னுடையது நுழையாது. குழாயை நேராக, பிசிறில்லாமல் வெட்டுவாள். வளையத்தைக் குழாயில் கோத்துக்கொண்டு பித்தளை முனையைக் கடைசிவரை செருகுவாள். வளையத்தைக் குழாயின் விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குள் நகர்த்தி வைப்பாள். விளிம்பிலேயே வைத்தால் பிடிக்காது, ரொம்ப உள்ளே தள்ளினால் முனையின் வரிகளைத் தாண்டிவிடும். பெஞ்சில் போட்ட செம்பு வளையங்களை அளவுத் தகடு வைத்துச் சோதிப்போம். அதில் இரண்டு பிளவுகள். ஒன்று வளையத்தின் மேல் ஏற வேண்டும், இன்னொன்று ஏறக் கூடாது.

“அப்பா, இது ஏறிடுச்சு. ஏறக் கூடாத பக்கமும் ஏறுது.”

“அப்ப அளவுக்கு மேல நசுங்கிடுச்சும்மா. வெட்டி எடுத்துடு, வேற போடுவோம்.”

“பாக்க நல்லாத்தானே இருக்கு?”

“பாத்தா தெரியாது கண்ணு. அதுக்குத்தான் தகடு.”

அதற்குப் பிறகு அவள் ஒரு வளையத்தையும் தகடு வைக்காமல் விட்டதில்லை. சோதித்து முடித்ததும் அதன் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். சிங்க்குக்கு அடியில் இன்னும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன.

அலுமினிய வண்டிக்கென்றே ஒரு எச்சரிக்கை. செம்பும் பித்தளையும் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். பழைய செம்புக் குழாய் வெளித்தகட்டில் உரசிய இடத்தில் வெள்ளைப் பொடியும் ஊசித்துளைகளும் இருந்தன. தகட்டையோ சட்டத்தையோ தாண்டிப் போகும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் வளையம் போட்டோம்.

பம்பை ரப்பர் கால்களில் நிறுத்தி, இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு மடங்கும் ஹோஸ் வைத்துத்தான் பெக்ஸோடு சேர்க்க வேண்டும். நேராகச் சேர்த்தால் பம்பின் அதிர்வு குழாய் வழியே வண்டி முழுக்கக் கேட்கும். இரவில் ஒருவர் கை கழுவினால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். பம்பின் வாயில் உள்ள பிளாஸ்டிக் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அது உள்ளே இருக்கும் வாஷரால் அடைபடுகிற மரை. கையால் முறுக்கினால் போதும். டேப் சுற்றி ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக்தான் விரியும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வலை வடிகட்டி கட்டாயம் வேண்டும். புதுத் தொட்டியைத் துளைக்கும்போது விழுந்த பிளாஸ்டிக் சீவல் ஒன்று போதும், பம்பின் வால்வு மூடாமல் போக.

பம்பு சத்தமே ஒரு பரிசோதனைக் கருவி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றுச் சோதனை எல்லாம் முடிந்து, தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டோம். அழுத்தம் ஏறியதும் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அரை நொடி டக்கென்று ஓடி மறுபடி நின்றது.

“அப்பா, யாரும் டேப்பைத் தொடலையே. மோட்டார் ஏன் ஓடுது?”

நல்ல கேள்வி. யாரும் திறக்காமல் பம்பு ஓடினால் எங்கோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம். துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தோம், எல்லாம் உலர்ந்திருந்தன. கடைசியில் டாய்லெட் கிண்ணத்துக்குள் பார்த்தால், உள்சுவரில் ஒரு கோடாக ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. வால்வின் ரப்பர் காய்ந்து போயிருந்தது. ரப்பர் மாற்றினோம், சத்தம் நின்றது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வெளிக் குழாயில் ஹோஸ் மாட்டியிருக்கும்போது தொட்டி தானாக நிரம்பிக் காற்றுக் குழாய் வழியே வெளியே வழிந்தால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிநீருக்கான பாலிஎத்திலீன் தொட்டி, 30 கேலன். நிறைந்தால் அந்தத் தண்ணீர் மட்டும் சுமார் 113 கிலோ. அது முன்பக்கம் இருப்பதால் காரின் கொக்கியில் இறங்கும் எடையும் கூடும். அதனால் தட்டையான பட்டைகளால் இரும்புச் சட்டத்தோடு கட்ட வேண்டும், வெறும் பிளைவுட்டோடு அல்ல. புதுத் தொட்டிக்கும் குழாய்க்கும் முதல் தண்ணீர் பிளீச் கலந்ததாக இருக்கட்டும். 15 கேலனுக்கு கால் கப் வாசனையில்லாத சாதாரண பிளீச், எல்லா டேப்பிலும் அந்த வாடை வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுக்க நிற்கவிட்டு, பிறகு வாடை போகும்வரை அலச வேண்டும்.

சமையல் சிங்க்கின் பழைய குரோம் டேப்பை நாங்கள் விடவில்லை. அதன் கைப்பிடிகளின் வளைவு இன்றைய கடைகளில் கிடைக்காது. வினிகரில் ஊறவைத்து உப்புப் படிவைக் கரைத்து, வாஷரும் ஓ-ரிங்கும் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினால் பஞ்சு மாதிரி திரும்புகிறது. ஆனால் அந்தக் காலப் பித்தளையிலும் ஈயம் உண்டு. குடிநீர்ச் சாதனங்களில் நீர் படும் பாகங்களின் ஈயத்தைச் சராசரி 0.25 சதவீதத்துக்குக் குறைத்த சட்டம் 2014 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய டேப் பாத்திரம் கழுவ மட்டும். குடிக்கவும் சமைக்கவும் பக்கத்தில் சின்னதாக ஒரு புது டேப், அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி. இரண்டும் ஒரே சிங்க்கில் சண்டையில்லாமல் நிற்கின்றன.

கழிவுப் பக்கம் தனிக் கதை. எங்கள் வண்டியில் டாய்லெட்டுக்கு மட்டும் தொட்டி இருந்தது. சிங்க் தண்ணீரும் குளியல் தண்ணீரும் நேராகத் தரைக்குப் போயின. இன்றைக்குப் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் அதை அனுமதிக்கமாட்டார்கள். சட்டங்களுக்கு நடுவே ஒரு தட்டையான தொட்டி தொங்கவிட்டு, கறுப்பு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குழாயும் கூரை வரை போகும் காற்றுக் குழாயும் போட்டோம்.

வெளித் தண்ணீரில் மாட்டும்போது ஹோஸுக்கு முன்னால் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் மாட்டாதீர்கள். சில இடங்களில் 80 பி.எஸ்.ஐ.க்கு மேலும் வரும். கருவி அதை 45, 50க்குள் வைத்திருக்கும். மிச்சிகனின் மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் மட்டும்தான் தனித்தனியாகக் கிடைக்கும், தண்ணீர் பொதுக் குழாயில்தான். லட்டிங்டனில் மிச்சிகன் ஏரிக்கரையில் முதல்முறை தங்கியபோது உள்ளே நுழையும் வழியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு போனோம். ஏரி மணலோடு திரும்பிய பிள்ளைகள் ஒவ்வொருவராக வெந்நீரில் குளித்தார்கள். நான் பாதி நேரம் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு இருந்தேன். ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இதைச் செய்து பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அக்டோபர் கடைசியில் வண்டியைத் தூங்கவைக்கும் வேலை. ஹீட்டரை முந்தின நாளே அணைத்து ஆறவிட வேண்டும். சூடாக, அழுத்தத்தோடு இருக்கும் ஹீட்டரின் அடைப்பானைத் திறந்தால் கை வெந்துவிடும். ஆறியதும் அடைப்பானைக் கழற்றி 6 கேலனையும் வடிக்கிறோம். எங்களுடையது எஃகுத் தொட்டி என்பதால் அடைப்பானோடு ஒரு மக்னீசியக் கம்பி வெளியே வரும். எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே இருக்கும் கம்பி அது. கால்வாசிதான் மிச்சம் என்றால் புதுசு மாட்டுவோம். அலுமினியத் தொட்டி ஹீட்டர்களுக்கு இது கிடையாது. பிறகு ஹீட்டரைச் சுற்றிப் போகும் மாற்று வழியின் வால்வுகளைத் திருப்பி, நான்கு வடிகால்களையும் எல்லா டேப்பையும் திறக்கிறோம். வண்டியின் மூக்கை ஜாக்கியால் ஒருமுறை உயர்த்தி, ஒருமுறை தாழ்த்தினால் படுக்கைவாட்டில் தங்கியதும் வந்துவிடும். அப்புறம் 30 பி.எஸ்.ஐ. காற்று, ஒரு நேரத்தில் ஒரு டேப் மட்டும் திறந்து, புகைபோல வருவதும் நிற்கும்வரை. கடைசியாக பம்புக்கும் சிங்க் அடி வளைவுகளுக்கும் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவம். அது புரோப்பிலீன் கிளைக்கால், டிரெய்லர் குடிநீர்க் குழாய்க்கென்றே விற்பது. காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அது இந்த வண்டியின் கிட்டேயே வரக் கூடாது. மாற்று வழி இல்லாத ஹீட்டராக இருந்தால் அதை நிரப்பவே 23 லிட்டர் திரவம் செலவாகும். அதற்காகவாவது அந்த வால்வுகளை வையுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: உள்ளலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் தரையில் படுத்து அடியில் பாருங்கள். வடிகால் வால்வுகள் எத்தனை, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். உள்ளே வந்து டாய்லெட்டைச் சுற்றிலும், வாசற்படி ஓரத்திலும், சிங்க்குக்கு முன்னாலும் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தரை அமுங்கினால் பேரத்தில் அதைச் சொல்லுங்கள். கடைசியாகத் தண்ணீர் விட்டது எப்போது, குளிருக்கு முன் எப்படி வடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் குழாய் வேலை முழுசாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெக்ஸ், பித்தளை, வால்வு, பம்பு எல்லாம் சேர்த்துச் சில நூறு டாலருக்குள் அடங்கிவிடும். தரை போயிருந்தால் கணக்கே வேறு.